காற்றை ஏசிய ஊர்

சிப்பிமுனைக்காரர்களுக்கும் எங்கள் கரைக்காரர்களுக்கும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவும் உண்டு, வலையை அறுத்துவிட்டு வாய்க்கு வாய் சண்டை போட்ட பகையும் உண்டு, அதனால் நான் சொல்வதில் பாதியைப் பகை என்று தள்ளினாலும் மீதிப் பாதியை உறவு என்று நம்பித்தான் ஆக வேண்டும்: பாய்மரப் போட்டியன்று பதினோரு ஆண்களை விழுங்கிய அந்தக் காற்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், கடற்கரைத் தெரு வழியே தானாக நடந்து ஊருக்குள் வந்தது.

பாய்ந்து வரவில்லை, சுழன்று வரவில்லை, ஒரு கூரை ஓட்டைக்கூட அசைக்கவில்லை. ஒரு கன்றுக்குட்டி உயரத்துக்கு இளைத்துப்போய், தெருப்புழுதி மட்டும் தெரிந்தும் தெரியாமலும் அசைய, சுவரோரமாக ஒதுங்கி ஒதுங்கி வந்தது. அதே காற்றுதான் என்று எப்படித் தெரிந்தது என்றால், அதன் வயிற்றுக்குள் ஒரு நீலத் தொப்பியும், கட்டம் போட்ட ஒரு துண்டும், பாய்த்துணிக் கிழிசல் இரண்டும், தொட்டில் ஆடுகிற வேகத்தில் சுற்றிக்கொண்டே வந்தன. தொப்பி தெக்லாவின் ஒரே மகன் இன்னாசியுடையது. துண்டு ரெஜினாவின் புருஷன் சவரியுடையது. தெக்லா அதைப் பார்த்துவிட்டு அங்கேயே மணலில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். ரெஜினா பார்த்துவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அவள் போனதற்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் போட்டியைச் சொல்ல வேண்டும்.

சிப்பிமுனையில் சம்மனசு என்ற தேவதூதர் கோயில் திருவிழாவுக்கு அடுத்த நாள் பாய்மரப் போட்டி. கரையிலிருந்து கிளம்பி, ஊருக்குத் தெற்கே கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனையை ஒட்டிப் போய், அதைத் தாண்டி ஆழ்கடலில் நங்கூரம் போட்டு வைத்திருக்கும் மிதவையைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். எஞ்சின் கூடாது, துடுப்பு கூடாது, பாய்தான் எல்லாம். அது எல்லா ஊரிலும் உள்ளதுதான். சிப்பிமுனையில் மட்டும் உள்ளது பாவாடைக் கம்பு. போன வருஷம் ஜெயித்த வள்ளத்தை ஓட்டிய தண்டையலின் பெண்சாதி, ஒரு நீளக் கம்பில் சிவப்பு உள்பாவாடையைக் கட்டி எடுத்துக்கொண்டு பாறை முனையில் போய் நிற்பாள், ஊர்ப் பெண்கள் எல்லாம் அவளைச் சுற்றி நிற்பார்கள். மிதவையைச் சுற்றுவதற்கு முன்னால் எந்த வள்ளத்தில் பாய் இறங்குகிறதோ அந்த வள்ளத்தைப் பார்த்து அவள் கம்பைத் தூக்கி ஆட்ட வேண்டும், மற்றவர்கள் கூவ வேண்டும், கரைக்கு வந்ததும் அந்தத் தண்டையல் அந்தப் பாவாடையை இடுப்புச் சாரத்துக்கு மேலே கட்டிக்கொண்டு கோயில்வரை நடக்க வேண்டும். அப்படி ஒரு தடவை நடந்த ஒருவன் மறுவாரமே மாலத்தீவுக்குக் கப்பல் ஏறியவன், அம்மா சாவுக்குக்கூட வரவில்லை. உயிர் போனாலும் பாய் இறங்கக் கூடாது என்று சிப்பிமுனையில் சொல்வார்கள். எல்லா ஊரிலும் இப்படி நாலு வீரப்பேச்சு இருக்கும், யாரும் அதைச் சொன்னபடி எடுத்துக்கொள்வதில்லை.

அந்த வருஷம் கம்பு ரெஜினாவின் கையில் இருந்தது. போன வருஷம் ஜெயித்தவன் சவரி, அவளுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை, புதுப்புடவை, தலை நிறையப் பூ. ஊர்த் தலைவர் வெடி போட்டதும் ஐந்து வள்ளங்கள் புறப்பட்டன. முதலில் சவரி, பின்னாலேயே இன்னாசி ஏறிய வள்ளம், அப்புறம் ஒன்று, கடைசி இரண்டும் கரையிலேயே தடுமாறிப் பின்தங்கிவிட்டன. முனையை நெருங்கும்போது மேற்கே கரைப்பக்கத்து வானம் அடுப்புச் சட்டியின் அடியாக முழுக்கக் கறுத்து, கச்சான் என்னும் மேல்காற்று ஒரு மூச்சு நின்று ஒரு மூச்சு வீசியது. பெண்கள் புடவையைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். சவரிக்குக் காற்றைத் தெரியும். அவன் வள்ளத்தில் பாய் இறங்க ஆரம்பித்தது.

போன வருஷத்து ஜெயித்தவன், ஊர் முழுக்கப் பார்க்க, பெண்சாதி கையில் கம்பு இருக்க, முதல் ஆளாகப் பாயை இறக்குகிறான். ரெஜினாவுக்கு முகம் எரிந்தது. அவள் கம்பைத் தூக்கினாள். அவனைப் பார்த்து, அவனுக்காகவே, கையெட்டும் உயரத்துக்கு எம்பி எம்பி ஆட்டினாள். முனை முழுக்கக் கூவியது. சவரி நிமிர்ந்து அவளைப் பார்த்தான், கூப்பிடு தூரம்தான், பல் தெரியச் சிரித்தான், பாயை உச்சிவரை ஏற்றினான். அவன் ஏற்றியதைப் பார்த்து, பின்னால் இறக்கத் தொடங்கியிருந்த இரண்டும் ஏற்றின. மூன்று வள்ளங்களும் முனையைத் தாண்டிப் போயின, அப்புறம் காற்று வந்தது. பின்தங்கிய இரண்டையும் அது கரை மணலிலேயே கவிழ்த்துப் போட்டது. தாண்டிய மூன்றையும் ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போனது. சில உடல்கள் கிடைத்தன, சவரி கிடைக்கவில்லை.

கம்பை அவள் அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். அதை யார் எடுத்தார்கள், என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. முனையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள், அத்தனை பேரும் கூவினார்கள், அடக்கத்துக்குப் பிறகு அத்தனை பேருக்கும் அது ஞாபகத்தில் இல்லாமல் போயிற்று. இந்த நிலைமையில்தான் காற்று வந்து சேர்ந்தது. பழி சுமக்க ஆள் தேடிக்கொண்டிருந்த ஊருக்குப் பழியே நடந்து வந்து வாசலில் நின்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

முதல் நாள் கல்லால் அடித்தார்கள். காற்று எறிந்த கல்லையெல்லாம் வாங்கி, எறிந்தவர்களின் காலடியில் மெதுவாக இறக்கி வைத்தது. பங்குச் சாமியாரிடம் போய், இதைப் பாவசங்கீர்த்தனம் செய்யவைக்கலாமா என்று கேட்டார்கள். அவர் புதிதாகக் குருப்பட்டம் பெற்ற இளைஞர், ஞானஸ்நானம் பெறாததற்குப் பாவமன்னிப்பு கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். காவல் நிலையத்தில் புகார் எழுதப் போனால், காற்றின் முகவரி கேட்டார்கள். வானிலைக்காரர் ஒருவர் ஜீப்பில் வந்து, காற்றைச் சுற்றிச் சுற்றி நடந்து அளந்து பார்த்து, எங்கள் கணக்குப்படி இந்தப் புயல் அன்றைக்கு இரவே வலுவிழந்து கலைந்துவிட்டது, ஆகையால் இங்கே நிற்பதாக நீங்கள் சொல்வது நிற்கவில்லை என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார். அவர் போகும்போது காற்று அவருடைய தொப்பி விழாமல் பிடித்துக் கொடுத்தது.

அப்புறம் பழகிவிட்டது. மீன் காயப்போடும் களத்துக்குப் பக்கத்துப் பூவரச மரத்தடியில் காற்று படுத்துக்கொண்டது. நெத்திலி ஒரே மத்தியானத்தில் காய்ந்தது, ஈ மொய்க்கவில்லை. புழுக்கத்தில் அழும் பிள்ளைகளை அம்மாமார் கொண்டுவந்து அதன் பக்கத்தில் கிடத்திவிட்டு, பிள்ளை தூங்கும்வரை அதைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். திட்டுவதுதான் முக்கியம். சாயங்காலம் ஆனால் ஊரே பூவரசடிக்கு வந்துவிடும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், கையை நீட்டி நீட்டி, நாசமாப் போவாய், கட்டையில போவாய், பாடையில போவாய் என்று ஏசுவார்கள், காற்று குனிந்து குனிந்து புல் உயரத்துக்கு வந்துவிடும். ஏசி முடித்ததும் குளத்தில் முங்கி எழுந்த மாதிரி உடம்பு லேசாகிவிடும், வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிடுவார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் நாங்களும் எங்கள் கணக்கில் இருந்த பழைய சாவுகளுக்காக இரண்டு வார்த்தை ஏசிவிட்டு வந்தோம், பொய் சொல்வானேன்.

ஏசாதவள் ரெஜினா ஒருத்திதான். அதைப் பார்த்துவிட்டு ஊர் உருகியது. "அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய மனசு பாத்தியளா, புருஷனக் கொன்னதக்கூட ஒரு வார்த்த சொல்லலியே" என்று சொல்லிச் சொல்லி அவள் வீட்டுக்குக் குழம்பு கொண்டுபோனார்கள். தெக்லா, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள், தினமும் வந்து ரெஜினாவின் தலையை மடியில் வைத்துத் தடவிக் கொடுத்தாள். அந்தக் கை தலையில் படும்போதெல்லாம் ரெஜினாவுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. குழம்பு இறங்கவில்லை. படுத்தால் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் அந்தச் சிரிப்பு, பல் தெரிய.

காற்றும் அவளை விடவில்லை. மத்தியானம் ஊர் அடங்கியிருக்கும்போது பூவரசடியிலிருந்து எழுந்து வந்து அவள் வாசலில் நிற்கும். கதவைச் சாத்துவாள், சாவித்துவாரம் வழியாகக்கூட உள்ளே வராது, வெளியிலேயே நிற்கும். ஒருநாள் அவள் கதவைத் திறந்து அதன் முகத்துக்கு நேரே, முகம் என்று அவள் நினைத்துக்கொண்ட இடத்துக்கு நேரே, கேட்டாள்: "ஏன் இப்படி வாய மூடிக்கிட்டு எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு நிக்க? ரெஜினா கம்பத் தூக்கினா, அதான் போனாவன்னு ஊருக்குள்ள போய்ச் சொல்லேன்? ஒனக்கு வாயில்லையா?"

காற்று அவள் முற்றத்துத் தூசியை ஒரு ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போனது. அவள் கதவில் சாய்ந்தபடி வெகுநேரம் அழுதாள்.

இறந்தவர்களுக்கு நாற்பதாம் நாள் பூசை நெருங்கியபோது ஊர்க் கமிட்டி கூடியது. தலைவர் கஸ்பார், சவரிக்குத் தாய்மாமன், சொன்னார்: "திட்டுறது போதாது. கொலகாரன மரத்தடியில படுக்கவச்சு நெத்திலி காயவச்சுக்கிட்டிருந்தா நாளைக்கு ஊர் நம்மளப் பாத்துச் சிரிக்கும். தண்டன குடுக்கணும்." காற்றுக்கு என்ன தண்டனை கொடுப்பது என்று நாள் முழுக்கப் பேசி, கடைசியில் பழைய ஐஸ் கம்பெனி ஞாபகத்துக்கு வந்தது. தடித்த சுவர், ஜன்னல் கிடையாது, ஈயம் பூசிய இரும்புக் கதவு. உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, சுற்றிலும் வெல்டிங் வைத்துவிட்டால் உலகம் முடியும் மட்டும் அசைய முடியாது. அசையாத காற்று செத்த காற்று. துக்கக்காரர்களில் முதல் வள்ளத்துத் தண்டையலின் மனைவி என்பதால் தாழ்ப்பாளைப் போடும் உரிமை ரெஜினாவுக்கு என்று முடிவாயிற்று.

பூசை முடிந்து ஊர் முழுக்க ஐஸ் கம்பெனிக்கு நடந்தது. காற்று முன்னால் நடந்தது, யாரும் இழுக்கவில்லை, தள்ளவில்லை. வாசலில் ஒரு நிமிஷம் நின்று, வயிற்றுக்குள் சுற்றிக்கொண்டிருந்த தொப்பியையும் துண்டையும் கிழிசல்களையும் படியில் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டு, இருட்டுக்குள் போய் மூலையில் ஒடுங்கியது. வெல்டிங்காரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

"தாழ்ப்பாளப் போடு, மருமவளே" என்றார் கஸ்பார்.

ரெஜினா கதவில் கையை வைத்தாள். இரும்பு சில்லென்றிருந்தது. ஒரு இழுப்பு, ஒரு தாழ், அவ்வளவுதான், வாழ்நாள் முழுக்க ஊர் அவளைத் தாங்கும். உள்ளே அது மூச்சுக் காட்டாமல் இருந்தது. அவளால் இழுக்க முடியவில்லை.

"மாமா, இது உள்ள இருக்க வேண்டியதில்ல."

"என்ன பேச்சு பேசுத?"

"அவிய பாய இறக்குனாவ மாமா. முனைக்கிட்ட வரும்போதே காத்தப் பாத்துட்டு இறக்குனாவ. நான்தான் கம்பத் தூக்கி ஆட்டினேன். அதப் பாத்துட்டுத்தான் திரும்ப ஏத்துனாவ. காத்து அதும்பாட்டுக்கு வந்துச்சு. அது வாரது அவியளுக்குத் தெரியும். என்னாலதான் போனாவ."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "துக்கத்துல பெனாத்துதா" என்றது ஒரு குரல். "சாப்பிடாமக் கிடந்தா இப்படித்தான், யாராவது தண்ணி குடுங்க" என்றது இன்னொன்று. உண்மையில் எல்லோருக்கும் அவள் பேச்சை நிறுத்த வேண்டும், அதைத் தண்ணீர் கொடுத்து நிறுத்த முடிந்தால் நல்லது.

"எனக்குத் தண்ணி வேண்டாம்" என்றாள் ரெஜினா. "நீங்களும் அங்கதான நின்னீய? நான் ஆட்டினேன், கூவினது யாரு? காத்தா கூவிச்சு?"

வெல்டிங்காரன், வெளியூர்க்காரன், கண்ணாடியைக் கழற்றி எல்லார் முகத்தையும் பார்த்தான்.

தெக்லா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். படியில் கிடந்த நீலத் தொப்பியை எடுத்து மணலைத் தட்டினாள். தட்டிக்கொண்டே கேட்டாள்: "எம்புள்ள வள்ளம் பின்னாலதான வந்துச்சு. அவனும் பாய இறக்குனானாட்டி?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெற்றவளுக்காகச் சொல்லும் பொய்யைச் சம்மனசுகூட மன்னிப்பார். ஆனால் இத்தனை நாளும் அந்தக் கையின் கீழே தலையைக் கொடுத்திருந்தவளுக்கு இன்னொரு பொய்யைச் சுமக்கத் தெம்பில்லை.

"இறக்குனான் அக்கா. பாதிவரைக்கும் இறக்கிட்டான். நீங்க கூவின சத்தத்துல நிமிந்து பாத்தான். நீங்க சிரிச்சுக்கிட்டே கூவினீய. அவனும் சிரிச்சுட்டு ஏத்திட்டான்."

தெக்லா தொப்பியைத் தட்டுவதை நிறுத்தினாள். அழவில்லை, அடிக்கவில்லை, சாபம் விடவில்லை. தொப்பியை முந்தானையில் சுருட்டிக்கொண்டு, கூட்டம் வழிவிட, தன் வீட்டுக்குப் போனாள். கதவு திறந்தே கிடந்தது, சாத்த யாருக்கும் கை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் காற்று வெளியே வந்தது, ரெஜினாவைச் சுற்றிக்கொண்டு, கடலுக்குப் போய், தெற்கே திரும்பி மறைந்துவிட்டது. அப்புறம் அது சிப்பிமுனைக்கு வரவில்லை.

ஆனால் சாயங்காலம் வந்ததே. ஏசிப் பழகிய வாய் எத்தனை நாள் சும்மா இருக்கும்? பூவரசடியில் போய் நின்று பார்த்தார்கள், வெறும் மரத்தை எவ்வளவுதான் ஏசுவது? சோறு செரிக்கவில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. மூன்றாவது வள்ளத்தில் புருஷனைக் கொடுத்தவள் ஒருத்தி, ரெஜினாவின் வாசலைக் கடந்து போகும்போது நின்று, "கொலகாரி" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தாள். உடம்பு லேசாயிற்று. மறுநாள் நாலு பேர் வந்தார்கள். அந்த வாரத்துக்குள் ஊரே வந்தது, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், அதே நேரம், அதே வசவு, நாசமாப் போவாய், கட்டையில போவாய், பாடையில போவாய். குழம்பு கொண்டுவந்த அதே கைகள்தான் நீட்டி நீட்டி ஏசின.

ரெஜினா கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. சாயங்காலமானால் முகம் கழுவிக்கொண்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்து, குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். பாவம் பாவம் என்று அவர்கள் சொன்னபோது வராத தூக்கம், பாவி பாவி என்று சொன்னபோது வந்தது. சோறும் கொஞ்சம் இறங்கியது. ஆனால் வந்தவர்களில் தெக்லா இருக்கிறாளா என்று மட்டும் தினமும் ஓரக்கண்ணால் பார்ப்பாள். தெக்லா வரவில்லை. அவள் வந்து ஏசினால்தான் இது தீரும், அவள் வராதவரை தீராது என்று ரெஜினாவுக்குத் தோன்றியது, அந்த எண்ணம் அவளை அரித்தது.

மழைக்காலம் பிறக்கும் சமயத்தில் ஒருநாள் தெக்லா வந்தாள். தலைவாரவில்லை, உடம்பு பாதியாகியிருந்தது. கூட்டம் சட்டென்று ஏச்சை நிறுத்தி அவளுக்கு இடம் விட்டது, பெற்றவளின் ஏச்சுக்கு முன்னால் நம்முடையது எந்த மூலைக்கு என்று. ரெஜினா தலையை இன்னும் தாழ்த்தினாள். தெக்லா நேராக நடந்து வந்து, ரெஜினாவின் பக்கத்தில், அதே வாசற்படியில் உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"ஏசுங்க" என்றாள். "எனக்கும் சேத்து ஏசுங்க."

"அக்கா, நீங்க பெத்தவ..."

"பெத்தவதான். கூவினவளும் நான்தான். எம் மவன் எங்கூப்பாட்டத்தான கேட்டான்? ஏசுங்கன்னா ஏசுங்க, எதுக்கு நிக்கீய?"

கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. வாசற்படியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ரெஜினா அழுதாள், தெக்லா அவளைத் தொடவில்லை, எழுந்து போகவும் இல்லை.

மறுநாள், கொலகாரி என்று முதலில் சொன்ன அந்தப் பெண் வந்து, சற்றுத் தயங்கி நின்று, படிக்குக் கீழே மணலில் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாள் முனையில் நின்ற இரண்டு அக்கா தங்கச்சிகள். அப்புறம் ஒவ்வொருவராக, ஏசும் பக்கத்திலிருந்து நடந்து வந்து ஏச்சு வாங்கும் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள், பின்தங்கிப் பிழைத்த இரண்டு வள்ளத்து ஆண்களும் வந்து உட்கார்ந்தார்கள், பங்குச் சாமியார்கூட ஒரு சாயங்காலம் அங்கியைச் சுருட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்ததாகச் சொல்கிறார்கள். எங்கள் கரையிலிருந்து வேடிக்கை பார்க்கப் போனவர்கள், நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் திரும்பி வந்தார்கள். கடைசியில் ஒருநாள் தெரு முழுக்க உட்கார்ந்திருந்தது, எதிரே கஸ்பார் ஒருவர் மட்டும் கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார்.

நீட்டிய கை நீட்டியபடி இருந்தது, வசவு ஒன்றும் வரவில்லை. அவர் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை எல்லார் முகத்தையும் பார்த்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கையைக் கீழே இறக்கினார்.

"வெடி போட வத்தியப் பத்தவைக்கும்போதே மேக்க பாத்தேன்" என்றார். "கறுத்துக் கிடந்துச்சு. நானுந்தான் பாத்தேன்."

பிறகு சாரத்தை முழங்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கிடையே கால் வைத்துக் கால் வைத்து நடந்து வாசற்படிக்கு வந்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு, மருமவளே."

ரெஜினா தள்ளி உட்கார்ந்தாள்.